எவெலியோ மிதித்த வெளிச்சம்

மடியில் தட்டு, தட்டில் கருப்புப் பயறு. கல் பொறுக்கிக்கொண்டே சொல்கிறேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது. பக்கத்து வீட்டு எவெலியோவின் கதையை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். அவன் சொல்லமாட்டான்.

எவெலியோவுக்கு உயிர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று டோமினோ. இன்னொன்று ஐம்பத்தாறாம் வருஷத்து அமெரிக்கக் கார். மனைவி மிக்தாலியாவிடம் இருந்தது உயிர் இல்லை, பயம்.

அந்தக் காருக்கு உடம்பு அமெரிக்கா, என்ஜின் ருஷ்ய லாரி, கதவுப் பிடி எங்கள் தெரு பிளம்பர் செய்தது. பிறந்தபோது கூட வந்த சாமான் என்று மிஞ்சியிருந்தது டைனமோ ஒன்றுதான். வண்டி ஓடினால் முன்விளக்கு எரியும். நின்றால் விளக்கும் கண்ணை மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியின் ஸ்டியரிங்கை அவன் தன் கூடப்பிறந்தவனைக்கூடத் தொடவிட்டதில்லை. "என் சீட்டுல என் பின்பக்கம்தான் உட்காரும்" என்று செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்திருந்தான்.

இங்கே எங்கள் ஊர் சியென்ஃபுவேகோஸில் பொழுது சாய்ந்தால் கரண்டு போய்விடும். தெருவிளக்கும் போய்விடும். தெருவிளக்குக்குக் கீழே இருந்த டோமினோ மேசைக்கு அதுதான் கேடு. இருட்டில் அவன் ஆட்டக் கூட்டாளி சுச்சோ காயின் புள்ளியை விரலால் தடவிப் பார்த்து ஆடினான். தடவிய காயெல்லாம் இரட்டை ஒன்பது என்று சாதித்தான். சண்டை வந்தது, ஆட்டம் நின்றது. எவெலியோ சோறு இறங்காமல் இளைத்தான். தொப்பை மட்டும் இளைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் நிலைப்படியில் நின்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"மிக்தாலியா! டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டப்போறேன்!"

"மாட்டு. எங்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"பக்கத்து ஊர் பால்மிராவுல ஒருத்தன் ருஷ்யக் கார்லருந்து கழட்டி வச்சிருக்கான். தங்கமா ஓடுதாம்."

"சும்மா தர்றானா?"

எவெலியோவின் நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. "பன்னித் தொடை கேக்குறான்."

"எந்தத் தொடை? வருசக் கடைசிக்கு வச்சிருக்கனே, அந்தத் தொடையா? அதுக்கு உன் தொடைய அறுத்துக் குடு!"

"அட, கேளு ராசாத்தி. இதெல்லாம் யாருக்கு? உனக்குத்தான்! உன் தம்பி மயாமிலருந்து அனுப்புன இன்வெர்ட்டர் அலமாரில தூங்குது. இந்த டைனமோவுக்கு அதை எழுப்பத் தெம்பு இல்ல. ஆல்டர்னேட்டர் வந்தா கரண்டு போனாலும் உனக்கு விசிறி ஓடும். ஐஸ்பெட்டி ஓடும். பக்கத்து வீட்டுப் பச்சப்புள்ளைக்கும் ஒரு வயர் இழுத்துடலாம். பாவம், வேர்க்குருவுல கத்துது."

சொல்லிவிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பாப்பா அந்தக் கோடையில் ஒருநாள்கூட முழுசாகத் தூங்கவில்லை.

மிக்தாலியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சாட்சிக்கு ஆள் இருக்கு, பாத்துக்க" என்று என்னைக் காட்டினாள். உள்ளே போனாள். கல்லாய் உறைந்த தொடையை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். எவெலியோ அதைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு பால்மிராவுக்கு ஓடினான்.

ஆல்டர்னேட்டர் வந்தது. மாட்டுவதற்கு மெக்கானிக் ரிகோ வந்தான். அவன் மிக்தாலியாவின் மகளுக்கு ஞானத் தகப்பன். அவன் என்ஜினுக்குள் தலையைவிட்டு வேலை செய்ய, எவெலியோ வெளியே வேறொரு வேலை செய்தான். டோமினோ மேசையைத் தூக்கிவந்து காரின் மூக்குக்கு நேரே போட்டான். பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். முன்விளக்கு இரண்டையும் மேசை நடுவில் விழுகிற மாதிரி திருப்பினான். நாற்காலி நாலும் போட்டான். வீட்டுக்கு வயர்? ஒரு சாண்கூட வாங்கவில்லை.

மிக்தாலியா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் கத்தினால் பயமில்லை. பேசாமல் காபி போட்டால்தான் பயம். காபி போட்டாள். தானே எடுத்துப்போய் ரிகோவுக்குக் கொடுத்தாள். அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். ரிகோ காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தான்.

அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கரண்டு போனது. எவெலியோ வண்டியைக் கிளப்பினான். முன்விளக்கு எரிந்தது. வண்டி நின்றபடியே எரிந்தது! மேசைமேல் பட்டப்பகல். தெருவே கைதட்டியது.

"வாங்கடா! சுச்சோ, காயைக் கலை! இன்னிக்கு எவன் எதைத் தடவுறான்னு பாக்கறேன்!"

ஏழு காய்கூட எடுத்திருக்கமாட்டான். மிக்தாலியா வந்து நின்றாள். ஒரு கையில் இன்வெர்ட்டர், தோளில் சுருள் சுருளாக வயர்.

"யோவ். விசிறி."

"எ... என்ன விசிறி?"

"எனக்காகத்தான்னு சொன்னியே, அந்த விசிறி. ஐஸ்பெட்டி. பச்சப்புள்ள. சாட்சி அங்க நிக்குது."

நான் வேலியோரம் ஒடுங்கினேன். எவெலியோவின் முகம் அவித்த வாழைக்காய் மாதிரி ஆனது. வயர் வாங்காமல் முதலில் மேசையைப் போட்டதை அவள் கவனிக்கவில்லையோ என்று அவனுக்கு ஒரு நப்பாசை. "அட, நானே வயர் வாங்கணும்னு இருந்தேன்..." என்றான்.

"சிரமப்படாதே. நானே வாங்கிட்டேன்."

ரிகோ இன்வெர்ட்டரைக் காரின் பேட்டரியில் மாட்டினான். வீட்டுக்குள் விசிறி சுற்றியது. ஐஸ்பெட்டி உறுமியது. உடனே முன்விளக்கு மஞ்சளாகி, பழுத்து, அணையப் பார்த்தது.

"என்னடா ரிகோ, என்ன ஆச்சு?"

"பாரம் ஜாஸ்தி மச்சான். என்ஜின் சும்மா ஓடுனா பத்தாது. யாராச்சும் உக்காந்து ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இருக்கணும்."

"நான் மிதிக்கிறேன்" என்று சுச்சோ எழுந்தான்.

"என் வண்டியிலயா? நீயா? எட்டப் போ!"

அப்போதுதான் எல்லோரும் அவனையே பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. செத்துப்போன அம்மாவும் மேலேயிருந்து பார்த்திருப்பாள். எவெலியோ கையிலிருந்த காயைக் கவிழ்த்து வைத்தான். மெல்ல நடந்தான். ஏறி உட்கார்ந்தான். மிதித்தான். விளக்கு பளிச்சென்றது. காலியாகக் கிடந்த அவன் நாற்காலியில் மிக்தாலியா பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, அவன் காய்களை நிமிர்த்தினாள்.

"இதென்ன, நல்ல கைதான். யார் இறங்கணும்?"

கண்ணாடிக்குப் பின்னால் எவெலியோ பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஆட்டம் முழுசும் அவனுக்குத் தெரிகிறது. சொல்லத்தான் முடியவில்லை, என்ஜின் சத்தம். அவள் ஆறு வைக்கவேண்டிய இடத்தில் மூன்று வைத்தாள். அவன் ஹாரன் அடித்தான்.

"ஹாரன் அடிக்காதய்யா, கரண்டு வீணாகுது!"

பதறிக் காலை எடுத்தான். விளக்கு மங்கியது.

"மிதி, எவெலியோ, மிதி!" என்று தெருவே கத்தியது.

மிதித்தான். அந்த மூன்றால்தான் அவள் ஜெயித்தாள். சுச்சோ கார் ஜன்னலில் தலையை நீட்டி, "இத்தனை வருசமா தப்பான ஆளோட கூட்டு சேந்து ஆடிட்டேண்டா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் வீட்டில் அந்த வயரின் முனையில் சின்ன விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா காலையும் கையையும் பரப்பிப்போட்டுத் தூங்கினாள். சரியாக மூச்சு வருகிறதா என்று ரெண்டுதரம் குனிந்து பார்த்தேன். வந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்துகொண்டேன். வெளியே கார் உறுமுகிற சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது.

எவெலியோவுக்கும் ஒரு நிம்மதி இருக்கத்தான் இருந்தது. பொய்க்கு உதை விழவில்லை. திட்டுக்கூட விழவில்லை. மிக்தாலியா ஜன்னல் வழியாகக் காபி நீட்டினாள். கால் மரத்துப்போனாலும், கரண்டு வந்ததும் தன் நாற்காலி தனக்குத்தானே என்று பொறுத்திருந்தான்.

வந்தது. தெருவிளக்கு எரிந்தது. எவெலியோ என்ஜினை அணைத்துவிட்டு நொண்டிக்கொண்டே ஓடிவந்தான். "எந்திரி, எந்திரி! என் இடத்தைக் குடு!"

"கரண்டு வந்துடுச்சா? ஐயோ, மோட்டார் போடணும், தொட்டில தண்ணி இல்ல!" என்று மிக்தாலியா எழுந்தாள். சுச்சோ துணி தேய்க்க ஓடினான். மற்ற இருவரும் கரண்டு அடுப்பைப் பார்க்க ஓடினார்கள். கரண்டு இருக்கிற நேரத்தில் எங்கள் தெருவில் டோமினோ ஆட யாருக்கு ஒழியும்? நாலு நாற்காலிக்கு நடுவே எவெலியோ தனியாக நின்றான்.

மறுநாள் ரிகோவைப் பிடித்துக்கொண்டான்.

"மிதிக்காம ஓட வழியே இல்லியாடா?"

"இருக்கே. ஆல்டர்னேட்டர்ல பெல்ட் ஓடுற சக்கரம் இருக்கே, புல்லி, அதைச் சின்னதா மாட்டுனா வேகமாச் சுத்தும். மிதிக்கவே வேணாம்."

"அப்புறம் ஏண்டா பெரிய புல்லி மாட்டுன?"

"சின்னதைத்தான் மாட்டினேன் மச்சான். உன் வீட்டம்மா காபி கொண்டாந்து கழட்டச் சொல்லுச்சு. கழட்டிக் கையில குடுத்துட்டேன்."

அன்றிலிருந்து எவெலியோ வீடு முழுக்கத் தேடுகிறான். மெத்தைக்குக் கீழே பார்த்தான், மாவு டப்பாவில் கைவிட்டான், கோழிக்கூண்டில் தலைவிட்டுக் கொத்து வாங்கினான். இப்போதும் கரண்டு போய்த்தான் இருக்கிறது. அவன் வண்டியில் ஏறி மிதிக்கிற சத்தம் கேட்கிறது. பாப்பா தூங்குகிறாள். அவனிடம் சொல்லிவிடாதீர்கள், அந்தச் சின்ன புல்லி அவன் வீட்டில் இல்லவே இல்லை. அது எங்கள்...

"ஏ புள்ள! பயறைப் போட்டுட்டு வாடி, நாலாவது கைக்கு ஆள் இல்ல!"

இதோ வந்துட்டேன் மிக்தாலியாக்கா! அது எங்கள் பாப்பா தொட்டிலுக்கு அடியில் இருக்கிறது.