நுரைத்த உப்பு

அதிகாரி வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. லேப் உதவியாளன் தங்கச்சாமி ஈரத்துணியால் துடைத்த துடைப்பில், ஐந்து சீசாக்களின் சீட்டுகளும் கழன்று வாளித் தண்ணீரில் மிதந்தன. ஐந்திலும் வெள்ளைப் பொடி. இதில் எது எதுவாம்?

வேண்டாத வேலை! ஆனால் அவனுடைய மூன்று வருஷத் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கும் சிபாரிசு இன்றைய ஆய்வில்தான் எழுதப்படும். மம்சாபுரம் பள்ளிக்கூடத்து லேப் பளபளக்க வேண்டாமா?

வேதியியல் டீச்சர் அனுசியாவுக்குப் போன் அடித்தான்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் நகரவே மாட்டேங்கு அண்ணே. பயப்படாதீங்க. சீட்டுல என்ன எழுதியிருக்கு?"

"Na, பொறவு Cl."

"சோடியமும் குளோரினும். உப்புதான். தண்ணியில கரைஞ்சிரும். அடுத்தது?"

"CaCO₃. மூணு மட்டும் கீழ பொடிசா கெடக்கு டீச்சர்."

"கால்சியம் ஒண்ணு, கார்பன் ஒண்ணு, ஆக்சிஜன் மூணு. சுண்ணாம்புக்கல். அது கரையாது."

தங்கச்சாமிக்குப் புல்லரித்தது. இத்தனை நாளும் கோழி கிளறினாற்போல் தெரிந்த எழுத்தெல்லாம் இன்று வாய் திறந்து பேசுகிறதே! முதல் பொடியைத் தண்ணீரில் போட்டான். கரையவில்லை. "CaCO₃!" என்று கூவிக்கொண்டே சீட்டை ஒட்டினான்.

இரண்டாவதும் கரையவில்லை. மூன்றாவதும்.

பெருக்க வந்த வெள்ளைத்தாய் எட்டிப் பார்த்தாள். "தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"செத்த நேரம் சும்மா இருக்கா! இங்க கெமிஸ்ட்ரி ஓடிக்கிட்டு இருக்கு."

கோளாறு போர் தண்ணீரில்தான் என்று முடிவு கட்டி, ஹெச்.எம். அறையிலிருந்து கேன் தண்ணீரைத் தூக்கி வந்தான். அதிலும் ஐந்து பொடியும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

"அப்ப ஒரு சொட்டு நீர்த்த ஆசிட் விடுங்க," என்றாள் டீச்சர் போனில். "CO₃ இருந்தா நுரைக்கும். உப்புல கார்பனும் இல்ல, ஆக்சிஜனும் இல்ல. நுரைக்காது."

விட்டான். ஐந்தும் நுரைத்தன! அவசரத்தில் ஆசிட் கூடிப்போக, நுரை மேசையெல்லாம் வழிந்தது. ஒட்டிய சீட்டும் மறுபடி நனைந்து கழன்றது.

"தம்பி, நான் சொல்லுதத..."

"போக்கா அங்கிட்டு!"

வாசலில் ஜீப் சத்தம். தங்கச்சாமி கைக்கு வந்த சீட்டைக் கைக்கு வந்த சீசாவில் அப்பினான்.

அதிகாரி நேராக NaCl சீசாவைத்தான் எடுத்தார். மேசையில் கிடந்த நுரையைப் பார்த்தார். கொஞ்சம் பொடியைக் கொட்டி, ஒரு சொட்டு ஆசிட் விட்டார். புஸ்ஸென்று பொங்கியது.

"உப்பு எப்படிய்யா நுரைக்கும்? NaCl-ல கார்பன் எங்கய்யா இருக்கு?"

தங்கச்சாமி ஈரத்துணியை எடுத்து மேசை நுரையைத் துடைக்க ஆரம்பித்தான். போச்சு, மூன்று வருஷ உழைப்பும் போச்சு! அதிகாரி பேனாவைத் திறந்தார்.

வெள்ளைத்தாய் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"அந்தப் பிள்ளைய வையாதிய அய்யா. காலி சீசா கண்ணுக்கு நல்லாருக்காதேன்னு நான்தான் அஞ்சுலயும் சுண்ணாம்புக்கல்லுக் கோலமாவ ரொப்பி வச்சேன். போன வருசம் நீங்க மோந்து பாத்து, 'உப்பு, சோடா எல்லாம் முதல் தரம்'னு கையெழுத்துப் போட்டியளே, அதே மாவுதான்!"