ஈவான் பிடித்த வெள்ளை ராஜா

இந்த வருஷம் பொண்டாட்டியிடம் பொய் சொல்லியே தீருவது என்று ஈவான் ஆற்றின் நடுவிலேயே முடிவு கட்டிவிட்டான்.

வலையில் விழுந்திருந்த மீன் அப்படி. வடகோடிப் பனிநாட்டுக் குஸ்கோக்விம் ஆற்றில் அந்த வருஷம் கடலிலிருந்து ஏறி வந்த முதல் ராஜா சால்மன். கீறிப் பார்த்தால் வழக்கமான சிவப்புச் சதை இல்லை, வெண்ணெய் நிறம். வெள்ளை ராஜா! இளவட்டமாக இருந்தபோது ஒரு தடவை பிடித்திருக்கிறான். அதன் வாசனை மட்டும்தான் அவனுக்குக் கிடைத்தது. ருசி ஊருக்குப் போய்விட்டது.

ஏனென்றால் ஊர் முறை அது. வருஷத்தின் முதல் ராஜா யார் வலையில் விழுகிறதோ, அவனும் அவன் வீட்டாரும் அதில் ஒரு துண்டு கூட வாயில் வைக்கக் கூடாது. முழு மீனும் கிழவர் கிழவிகளுக்குப் போக வேண்டும். இரண்டாவது ராஜாவிலிருந்து தாராளமாக வெட்டலாம். ஆனால் இரண்டாவதும் வெள்ளையாக இருக்கும் என்று எந்த மீன் எழுதிக் கொடுத்திருக்கிறது?

ராஜாவாக இருந்தால்தானே வம்பு? நாய் சால்மனாக இருந்தால்? அது பனிவண்டி இழுக்கிற நாய்களுக்குக் காயப்போடுகிற மீன். சதையும் வெளுப்பு. அதற்கு முறையும் இல்லை, மரியாதையும் இல்லை. ஈவான் மணல்திட்டில் படகை ஒதுக்கினான். ராஜாவின் ஈறு கறுப்பு, காட்டிக் கொடுத்துவிடும். தலையை வெட்டி வாளியில் ஒளித்தான். வாலில் மேலும் கீழும் புள்ளி. வாலும் போயிற்று. முதுகிலும் புள்ளி. தோலையே உரித்தான். இப்போது அதைப் பெற்ற தாய் வந்தாலும் அடையாளம் தெரியாது.

ஆனால் பார்க்கப் போவது அதைப் பெற்ற தாய் அல்ல, பொண்டாட்டி ஓலிங்கா.

ஓலிங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுத்த உடம்பில் வெளிர் புள்ளி இருந்தால் சார் மீன், வெளிர் உடம்பில் கரும்புள்ளி இருந்தால் ட்ரௌட் மீன் என்று மற்றவர்கள் மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். அவள் வேறு யாரிடமோ பேசிக்கொண்டே, கை வைத்த மாத்திரத்தில் சார் ஒரு தொட்டி, ட்ரௌட் ஒரு தொட்டி என்று எறிவாள். வெள்ளி சால்மனையும் குட்டி ராஜாவையும் பிரிக்க எல்லோரும் வாயைத் திறந்து ஈறு பார்ப்பார்கள். அவள் மூக்கை வைத்தே சொல்லிவிடுவாள். ஈவானுக்கு அதில் ரொம்பப் பெருமை. அன்றைக்கு மட்டும் அந்த மூக்குக்கு ஒரு ஜலதோஷம் பிடிக்காதா என்று இருந்தது.

"என்னங்க இது?" என்றாள், தொட்டியில் கிடந்ததைப் பார்த்து.

"நாய் சால்மன்."

"அட பாவமே. தலை எங்க?"

"மீன் பின்னாடியே கடல்லேர்ந்து வந்த சீல் தின்னுடுச்சு."

"வாலு?"

"அதையும்தான்."

"ரெண்டு பக்கமும் தின்னுட்டு நடுவுல நமக்கு வெச்சிட்டுப் போயிருக்கு. நல்ல குடும்பத்துச் சீல்தான். தோலு?"

"வலையில உரசி உரிஞ்சு போச்சு."

"முழுசாவா?"

"புது வலை. கொஞ்சம் முரடு."

ஓலிங்கா அரைவட்டக் கத்தியால் ஒரு கீறு கீறினாள். நாய் சால்மனில் காணக் கிடைக்காத எண்ணெய் கத்தி முழுக்க மினுங்கியது. அதைத் துணியில் நிதானமாகத் துடைத்தாள்.

"நாய் சால்மன் இந்த வருஷம் சீக்கிரமே வந்துடுச்சு போல. ராஜாவே இன்னும் வரலையே?"

"காலம் கெட்டுப் போச்சு ஓலிங்கா. ஆத்துக்கே ஒரு ஒழுங்கு இல்ல."

"ஆமாமா. ஆத்துல ஒழுங்கு இல்லாமப் போனா வீட்டுலயும் போகும். சரி, வேகவெச்சு நாய்ங்களுக்குப் போட்டுடறேன்."

"நாய்க்கா?" ஈவானின் குரல் ஒரு முழம் மேலே போயிற்று. "நாமளே சாப்பிடலாமே!"

"போன வருஷம் இதே மீனை வெச்சப்போ 'நான் என்ன வண்டி இழுக்கப் போறேனா'ன்னு கேட்டீங்களே?"

"வயசாக ஆக நாக்கு மாறும்ல?"

"மாறட்டும், மாறட்டும். நீங்க நீராவிக் குளியல் போட்டுட்டு வாங்க. வர்றதுக்குள்ள உங்க நாய் சால்மனை ஒரு வழி பண்ணிடறேன்."

ஈவான் கொல்லைப்புறத்துக் குளியல் கொட்டகையில் சூட்டில் வெந்தபடியே வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பை நினைத்து நாக்கைச் சப்புக் கொட்டினான். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளை ஜெயித்தாயிற்று. பாவம், நல்ல பொம்பளை. கண்தான் மங்குகிறது போலிருக்கிறது. நாளைக்கு அவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று கூட நினைத்துக் கொண்டான்.

தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், தொட்டி காலி. மேஜையைச் சுற்றி ஊர்க் கிழவர் கிழவிகள் கூட்டம், ஆளுக்கொரு தட்டோடு. அவர்களுக்குத் துணையாக வந்திருந்த பக்கத்து வீட்டு வசீலி எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அண்ணே, நீ மனுசனே இல்லண்ணே! வெள்ளை ராஜா! எனக்கு விழுந்திருந்தா சத்தியமா மூச்சு விட்டிருக்க மாட்டேன்."

நஸ்தாசியா அத்தை பொக்கை வாயைத் துடைத்துக்கொண்டாள். ஊரிலேயே மூத்தவள் அவள்தான். "மத்தவங்க தோலும் முள்ளுமா அப்படியே குடுப்பாங்க. பல்லில்லாத கிழடுங்களை நெனச்சு தலை எடுத்து, வால் எடுத்து, தோலை உரிச்சுக் குடுத்தியே ராசா. இப்படி யாருக்குத் தோணும்?"

ஈவான் ஓலிங்காவைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டிக் கொடுத்திருந்தால் ஊரே காறித் துப்பியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மானத்தையும் காப்பாற்றி, மாலையும் போட்டு உட்கார வைத்துவிட்டாள். என்ன பொம்பளை இவள்! அவளை ஏமாற்ற நினைத்ததற்கு அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

அப்போது ஓலிங்கா ஒரு தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். வயிற்றுப் பக்கத்துத் துண்டு. பொன்னிறமாகச் சுட்டது. ஓரத்தில் எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ஈவானின் வெட்கம் இருந்த இடம் தெரியவில்லை.

"ஒரு துண்டு உங்களுக்குன்னு எடுத்து வெச்சேங்க," என்றாள் கனிவாக. "சாப்பிடுங்க."

ஈவான் துண்டைக் கையில் எடுத்தான். விரலெல்லாம் கொழுப்பு வழிந்தது.

"ஒரே ஒரு சந்தேகம். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இது நாய் சால்மனா, ராஜாவா? நாய் சால்மன்னா நீங்க தாராளமா சாப்பிடலாம். நீங்களே பார்த்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடுங்களேன்."

மேஜையைச் சுற்றி அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள். முப்பது வருஷம் வலை போட்டவனுக்கு ராஜாவையும் நாய் சால்மனையும் பிரிக்கத் தெரியவில்லை என்றால், அவன் பேரன் காலம் வரைக்கும் சிரிப்பார்கள். துண்டு வாய்க்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. வாசனை மூக்கைத் துளைத்தது.

"ராஜா," என்றான் ஈவான்.

"அப்ப கீழ வைங்க," என்றாள் ஓலிங்கா.