மணிக்கட்டில் இல்லாத வேகம்

இந்தக் கோடைக்குள் பல்போவாக் கரையிலேயே வேகமான கிட்டார்க் கை என்னுடையதாக இருக்கும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மனைவியிடம் அறிவித்தேன்.

"அந்தக் கையால தட்டை எடுத்துத் தொட்டியில போடு," என்றாள் நசீரா.

பெரிய முடிவுகளை முட்டை பொரிகிற நேரத்தில் அறிவிக்கக்கூடாது.

எங்கள் இசைக்குழுவில் மூன்று பேர். பகலெல்லாம் பட்டறையில் அலைச்சறுக்குப் பலகைகளைத் தேய்க்கிறோம். மாலையில் அந்த அலைகளையே கிட்டாரில் வாசிக்கிறோம். எங்கள் இசையில் வார்த்தை கிடையாது. தடித்த கம்பியில் பிக் என்கிற சின்ன வில்லையால் கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. நொடிக்குப் பன்னிரண்டு தட்டு. கேட்கிறவனுக்குக் காலடியில் மணல் நழுவ வேண்டும். இந்த 1963-இல் இங்கே அதைச் செய்கிறவன்தான் மனிதன்.

எனக்கு இருபது நொடி நழுவும். இருபத்தோராவது நொடியில் முழங்கை மரக்கட்டையாகிவிடும்.

அந்த நேரம் பார்த்துப் படகுத்துறை நடன மண்டபத்தார் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் ஒரே குழு. விருப்பமுள்ள கிட்டார்க்காரர்கள் தனியாக இரண்டு நிமிடம் வாசித்து டேப் அனுப்பலாம். எங்கள் டிரம்ஸ்காரன் டுவேன் என்னை ஓரமாக அழைத்தான்.

"வெர்னன், டேப் தேறலேன்னா லாங் பீச்லேர்ந்து ஒருத்தனைக் கூட்டிட்டு வந்துருவேன். தப்பா எடுத்துக்காதே."

"எடுத்துக்கிட்டா?"

"அப்பவும் கூட்டிட்டு வருவேன்."

குழுவை ஆரம்பித்தவன் நான். என் இடத்தை நான் விடுவதாக இல்லை. குளியலறையில் வாசித்தேன். முழங்கைக்கு ஐஸ் கட்டிக்கொண்டு வாசித்தேன். சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கை மீட்டினேன். பின்னால் நின்றவன் இறங்கி வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தான். பிக்குகள் பிறை நிலவுகளாய்த் தேய்ந்தன. தூள் வீடெங்கும் பறந்தது.

"தபூலேயில கறுப்பா என்ன இது, எள்ளா?" என்றேன் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில், நசீரா செய்த கீரைச் சாலட்டைக் கிளறியபடி.

"உன்னோட பிக். நல்லா மென்னு சாப்பிடு, உள்ள போயாவது வேகம் வரட்டும்."

"கிண்டலா?"

"இல்ல ஹபீபி. நீ தோளால வாசிக்கிற. தோளை மறந்துடு. கைய கழுவிட்டுத் தண்ணிய உதறுவோமே, அந்த மாதிரி மணிக்கட்டு மட்டும் ஆடணும்."

"நசீரா, இது தடிக் கம்பி. இதுக்குத் தோள் வேணும். நீ வெங்காயத்தைப் பாரு."

"சரி," என்றாள்.

பதினோரு வருடக் குடித்தனத்தில் அந்த மெல்லிய "சரி"யை மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் வீடு மாறியிருக்கிறோம்.

டேப் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமைக்குள் என் கை இருபத்திரண்டு நொடிக்கு வந்திருந்தது. அன்றுதான் எனக்கு ஞானம் பிறந்தது. என் டேப் ரெக்கார்டரில் இரண்டு வேகம் உண்டு. கனத்த கீழ்ச்சுருதி பேசும் பேஸ் கிட்டாரில் பாதி வேகத்தில் நிதானமாக வாசித்து, மெதுவான ஓட்டத்தில் பதிந்தேன். பிறகு அதை இரட்டிப்பு வேகத்தில் ஓடவிட்டேன். அடேயப்பா! சுருதி ஏறிக் கிட்டாராகிவிட்டது. தட்டுகளோ தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. எதிரொலிப் பெட்டிக்குள் செலுத்தி இன்னொரு டேப்பில் ஏற்றினேன். கடல் வந்துவிட்டது. நடுவில் ஏதோ ஒரு கீச்சுக்குரல். கடற்காகம் என்று விட்டுவிட்டேன்.

"நாளைக்குக் கடைக்குப் போறப்போ இதைத் தபால்ல சேர்த்துடு," என்று பொட்டலத்தை நசீராவிடம் கொடுத்தேன்.

"பத்திரமா சேர்த்துடறேன்," என்றாள்.

அடுத்த வாரம் மண்டபத்து மேலாளர் தொலைபேசியில் வந்தார்.

"நாற்பது டேப் கேட்டோம். இந்தக் கைதான் வேணும். என்ன ஒரு மணிக்கட்டு!"

"ரொம்ப நன்றி," என்றேன், அடக்கமாக. "ராப்பகலா உழைச்சேன்."

"நீங்களா? டேப்போட வந்த கடிதத்துல திருமதி நசீரான்னு இருக்கே. அவங்க இருக்காங்களா?"

ரிசீவர் என் கையிலிருந்து நழுவியது. நசீரா அதைப் பாதி வழியில் பிடித்து, "சொல்லுங்க... ஆமா... சனிக்கிழமை எட்டு மணிக்கா? வந்துடறோம்," என்று பேசி முடித்தாள்.

"என் டேப் என்ன ஆச்சு?"

"போட்டுக் கேட்டேன். நடுவுல ஒரு சுண்டெலி 'வெர்னன், குப்பைய வெளிய வை'ன்னு கத்துது. யாருடா இவன்னு பார்த்தேன். நான்தான்! இரண்டு மடங்கு வேகத்துல. அதை அனுப்பியிருந்தா இந்தக் கடற்கரையே சிரிச்சிருக்கும். அதான், நீ பட்டறைக்குப் போனதும் உன் கிட்டார எடுத்து ரெண்டு நிமிஷம் வாசிச்சேன்."

"உனக்கு எப்படி வரும்?"

"ஃபிரெஸ்னோல எங்கப்பா ஊத் வாசிப்பாரு, அரபு வீணை மாதிரி. விருந்தாளி வந்தா அவருக்கு அடுத்து நான் வாசிக்கணும். கழுகு இறகால மீட்டி மீட்டி ஏழு வயசுலயே மணிக்கட்டு தயார். அதையும் இதையும் ஒரே கைதான் வாசிக்குது."

"ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சொன்னேன். வெங்காயத்தைப் பாக்கச் சொன்னே."

கிட்டாரை எடுத்தாள். என் கிட்டார்தான். மடியில் வைத்து, தோள் அசையாமல், முகம் அசையாமல் மீட்டினாள். இருபது நொடி போயிற்று. முப்பது போயிற்று. ஒரு நிமிடத்தில், காய்ந்து கிடந்த மணலின் மேல் முதல் அலை ஏறுவதுபோல் இருந்தது. அழகாக இருந்தது. அதுதான் கொடுமை. பொறாமைப்படக்கூட அவகாசமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் நிறுத்தியதும்தான் எனக்குப் பயம் வந்தது.

"அப்போ குழுவுல என் இடம்?"

"டேப் அனுப்பின அன்னைக்கே டுவேன்கிட்ட பேசிட்டேன். தேறினாலும் என் புருஷன் இல்லாம மேடை ஏற மாட்டேன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்."

கண் கலங்கிவிட்டது எனக்கு. "அவன் ஒத்துக்கிட்டானா?"

"உடனே ஒத்துக்கிட்டான். எனக்குப் பக்கத்துலயே நீ நிக்கலாம், கிட்டார் மாட்டிக்கலாம், எவ்வளவு வேகமா வேணும்னாலும் வாசிக்கலாம்," என்றாள் நசீரா. "கிட்டார் ஒயரை மட்டும் ஸ்பீக்கர்ல சொருகக் கூடாதாம்."