ஆறு லிட்டரும் நோலீனின் சீட்டும்

டிம்பூலா,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய மைத்துனர் நெவில் அவர்களுக்கு,

உன் அக்காள் கணவன் வாலஸ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் நாயும் சுகம். அங்கு பல்லாரட்டில் நீயும், உன் மனைவியும், போன வாரத்திலிருந்து உன் வீட்டில் தங்கிக்கொண்டு என் போனை எடுக்காமலிருக்கும் உன் அக்காளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இந்தப் பக்கம் மழை போதாது. கோதுமை பரவாயில்லை.

விஷயத்துக்கு வருகிறேன் மச்சான். நோலீனை வீட்டுக்கு அனுப்பி வை. எப்போது போன் செய்தாலும் "அக்கா தூங்குது அத்தான்" என்கிறாய். முப்பத்தெட்டு வருஷமாக அவளோடு குடித்தனம் செய்கிறேன், பகல் பதினொரு மணிக்கு அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. அதனால்தான் கடிதம். கடிதம் தூங்குகிறது என்று நீ சொல்ல முடியாது. பழக்க தோஷத்தில் தினமும் இரண்டு கோப்பை டீ போட்டுவிட்டு ஒன்றைக் கொட்டுகிறேன். அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. இதை நான் சொன்னதாக அவளிடம் சொல்ல வேண்டாம், நீயே யூகித்ததாகச் சொல்.

நடந்ததில் என் தரப்பை நீ கேட்க வேண்டும், ஏனென்றால் இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவன் நீதான். எங்கள் பழைய ஸ்டேஷன் வேகனின் பெட்ரோல் எஞ்சின் உயிரை விட்டதும், அடுத்த வீட்டு ஹெட்லியும் நானும் சேர்ந்து, அவன் வயலில் உருண்டு நசுங்கிக் கிடந்த, சரக்கேற்றும் யூட் வண்டியிலிருந்து டீசல் எஞ்சினைக் கியர்பாக்ஸோடு கழற்றி இதில் பொருத்தினோம். மிஞ்சிய போல்ட்டுகளை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், வண்டி அவை இல்லாமலேதான் ஓடுகிறது. டீசல் அளவு காட்டும் முள் மட்டும் அன்றிலிருந்து அசையவில்லை, கணக்குத் தெரிந்தவனுக்கு முள் எதற்கு. கிறிஸ்துமஸுக்கு வந்த நீ என்ன செய்தாய்? ஒரு கையில் பீரும் ஒரு கையில் சாசேஜுமாக பானட்டுக்குள் எட்டிப் பார்த்து, அத்தனை பேர் முன்னாலும், "அத்தான், இந்தத் தகர டப்பா நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டருக்குக் கீழ குடிச்சுதுன்னா, நான் மீசைய எடுத்துடறேன்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். ஹெட்லியும் சிரித்தான், எஞ்சினில் பாதி அவன் வேலை என்பதை மறந்து.

அப்போது அது எட்டு குடித்துக்கொண்டிருந்தது. நான் சும்மா இருப்பேனா. காற்று மோதினால் டீசல் வீண் என்று படித்தேன், முன்பக்கத்து ஓட்டைகளை அட்டையால் அடைத்தேன், ஹார்ஷம் கடைத்தெரு நடுவில் ரேடியேட்டர் பொங்கி, மீன்கடை வாசலில் சிப்ஸ் வாங்க நின்றவர்களெல்லாம் ஆவிக்குள் காணாமல் போனார்கள். அட்டையைப் பிடுங்கிவிட்டு வண்டியின் அடிப்பக்கத்தை வழவழப்பாக்கலாம் என்று, தேர்தல் முடிந்து மாதக்கணக்கில் வேலியில் கேட்பாரற்றுத் தொங்கிய பிளாஸ்டிக் விளம்பரத் தட்டிகளை அவிழ்த்து வந்து அடியில் வரிசையாகத் திருகினேன். வேட்பாளரின் முகம் தரையைப் பார்த்துச் சிரித்தபடி மூன்று வாரம் வந்தது. நாலாவது வாரம் ஒரு தட்டி பிய்ந்து சாலையில் தேய்ந்துகொண்டே வர, போலீஸ்காரர் நிறுத்திக் குனிந்து பார்த்து, "தேர்தல் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சே ஐயா, இன்னுமா பிரசாரம்" என்றார். டயர்களில் காற்றைக் கல்லாக ஏற்றினேன், அதில் நோலீன் மடியில் வைத்திருந்த ஒரு டஜன் முட்டையில் வீடு வந்து சேர்ந்தது நாலு. டீசல் போடும்போது நுரை கட்டும் மச்சான், நுரை அடங்கினால்தான் துல்லியமாக நிரம்பும், அதற்காகப் பெட்ரோல் பங்கில் வண்டியை இடுப்பால் இடித்து இடித்து ஆட்டுவேன். என்னைக் கண்டாலே கல்லாவிலிருக்கும் பெண் உள்ளே போய்விடுகிறாள்.

இதிலெல்லாம் நோலீன் குறுக்கே நிற்கவில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் வேகம் விஷயத்தில்தான் வாய் திறந்தாள். நூற்றுப்பத்தில் போகிற நெடுஞ்சாலையில் எண்பதில் போனால் டீசல் மிச்சம், இது உலகம் அறிந்தது. நான் முள்ளை எண்பதில் நிறுத்தினால் பின்னால் லாரிகள் கல்யாண ஊர்வலம் மாதிரி வரிசை கட்டி ஹாரன் அடிக்கின்றன. நாட்டில் பொறுமை செத்துவிட்டது. உன் அக்காள் சொல்கிறாள், "அந்தக் கோதுமை சைலோ கோபுரம் கால் மணி நேரமா அதே எடத்துல நிக்குதுங்க. நாம எண்பதுல போகல." விட்டாளா? மீட்டரைச் சரிபார்ப்பதற்கென்று ரோட்டோரம் பலகை நட்டிருக்கிறார்களே, பூஜ்யத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை, அதை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, "பலகை அஞ்சுங்குது, உங்க மீட்டர் ஆறுங்குது. அது பொய் சொல்லுது" என்றாள். "பலகைய நட்டவன் பீர் குடிச்ச மப்புல நட்டிருப்பான். மீட்டர் கியர்பாக்ஸோட நேரா சேர்ந்திருக்கு, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றேன். அப்புறம் ஹார்ஷம் வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சைலோவையே பார்த்துக்கொண்டு வந்தாள். பொறியியல் தெரியாதவர்களோடு என்ன பேசுவது என்று நானும் விட்டுவிட்டேன்.

மிஞ்சியது எடை ஒன்றுதான். பின்சீட்டு, ஸ்டெப்னி, ரேடியோ, தரை விரிப்பு, டூல்பாக்ஸ், ஒவ்வொன்றாக இறக்கினேன். ஆறு புள்ளி ஒன்றில் வந்து நின்றுவிட்டது. வெறும் ஒரு புள்ளிதான் மச்சான், உன் மீசை என் கண்முன் ஆடுகிறது. முந்தின வாரம் சனிக்கிழமை ராத்திரி படுக்கும்போது தோன்றியது, ஞாயிறு காலை எழுந்ததும் முன்சீட்டைக் கழற்றினேன். நாலே போல்ட். அன்றைக்குச் சர்ச்சில் எல்லாரும் ஒரு தட்டு பலகாரம் கொண்டுபோகிற நாள் என்பது எனக்கு மறந்துவிட்டது. நோலீன் விடியற்காலையிலிருந்து செய்த பாவ்லோவா கேக்கை, மேலே கிரீமும் ஸ்ட்ராபெரியுமாகக் குழந்தையை ஏந்துவது போல் ஏந்திக்கொண்டு வந்து, முழங்கையால் கதவைத் திறந்தாள். உள்ளே பால்காரனுடைய பிளாஸ்டிக் கிரேட் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. மேலே குஷனும் போட்டிருந்தேன், நான் மனிதத்தன்மை இல்லாதவன் அல்ல.

"சீட்டு எங்க?"

"ஷெட்டுல இருக்கு. பதினெட்டு கிலோ நோலீன், தனியா எடை போட்டேன்."

"அப்ப எனக்கு இந்த வண்டியில எடமில்லைங்கறத சொல்லாம சொல்றீங்க."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். பாவ்லோவா எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்டுவிட்டேன். அவள் கத்தவில்லை. பாவ்லோவாவைக் குஷன்மேல் பதனமாக வைத்தாள், சீட்பெல்ட்டை இழுத்து அதற்கு மாட்டிவிட்டாள், "ரெண்டு பேரும் பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்று சொல்லி உள்ளே போய் உனக்குப் போன் செய்தாள். பிறகு நடந்தது உனக்கே தெரியும், நீதான் வந்து கூட்டிப்போனாய், ஜன்னலை இறக்காமல்.

இப்போது கேள். நேற்றுக் கணக்குப் போட்டேன். ஐந்து புள்ளி எட்டு. மூன்று தடவை போட்டேன், ஹெட்லியையும் போடச் சொன்னேன். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்ததை யாரிடம் சொல்வது என்று பார்த்தால் நாய்தான் இருக்கிறது. ஆகவே என் நிபந்தனைகள்: நோலீன் பஸ்ஸில் வரட்டும், நான் நிறுத்தத்தில் வந்து ஏற்றிக்கொள்கிறேன். கிரேட்டின் மேல் குஷனை இரண்டாக்குகிறேன். சீட்டைத் திரும்பப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, அறிவியல் அறிவியல்தான். மீட்டர் பொய் சொல்கிறது என்று சொன்னதை மட்டும் அவள் வாபஸ் வாங்க வேண்டும். நீயும் இக்கடிதம் கண்டவுடன் கத்தரியைக் கையில் எடு.

உன் மனைவிக்கு என் மரியாதையும், உன் பிள்ளைகளுக்கு என் ஆசியும், உன் மீசைக்கு என் ஆழ்ந்த அனுதாபமும்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்,
வாலஸ் ட்ரெங்கோவ்.

பின்குறிப்பு: மேலே உள்ளதில் ஒரு வரியையும் நோலீனிடம் காட்டாதே. இதைக் கொண்டுவந்து தருகிற லாரிக்காரருக்கு ஒரு டீ கொடு.

இன்று காலை இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். ஷெட்டில் அவள் சீட்டில் நாய் சுருண்டு படுத்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நாயை எழுப்பிவிட்டு சீட்டைத் திரும்பப் பூட்டினேன். ஒரு போல்ட்டைக் காணோம், ஜாம் பாட்டிலிலிருந்து எடுத்துப் போட்டேன். நானே நேரில் வந்து கூப்பிடுவது என்று முடிவு செய்து, ஐந்து புள்ளி எட்டுக் கணக்கில் பல்லாரட் வரைக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு டீசலை அளந்து ஊற்றினேன், ஒரு டம்ளர் கூட அதிகமில்லை, அதிகம் ஊற்றினால் எடை. போனையும் அதே காரணத்துக்காக வீட்டில் வைத்துவிட்டேன். வழியில் பேச்சுத்துணையும் இல்லை, ரேடியோவும் இல்லை, வேறு வேலையில்லாமல் அந்தப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். பலகை ஐந்து என்றது. மீட்டர் ஆறு என்றது. கியர்பாக்ஸ் அந்த யூட்டினுடையது மச்சான். யூட்டின் பெரிய சக்கரத்துக்கு எண்ணிப் பழகியதை என் சின்னச் சக்கரத்துக்கும் அப்படியே எண்ணிக்கொண்டிருக்கிறது. ஓடாத தூரத்தையெல்லாம் ஓடினதாகக் கணக்கு. ஆக, என் ஐந்து புள்ளி எட்டு உண்மையில் ஏழு. பல்லாரட்டுக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே, போஃபர்ட் தாண்டியதும் வண்டி இரண்டு தரம் விக்கி நின்றுவிட்டது.

நிறுத்தி இறங்கிய லாரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெருசு, நீங்கதானா அது? எத்தன தடவ உங்க பின்னாடி மாட்டிருக்கேன். எண்பதுன்னா நெனச்சுட்டு ஓட்டுறீங்க? என் மீட்டர்ல நீங்க ஒரு நாளும் எழுபதத் தொட்டதில்ல" என்றார். அவர் பல்லாரட் போகிறார், அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மீசையை எடுக்காதே. எடுத்திருந்தால் மன்னித்துவிடு, அது வளர்கிற சாமான்தான்.

பத்து லிட்டர் டீசலும், காற்று ஏறிய டீசல் குழாயைத் திறக்கப் பத்தாம் நம்பர் ஸ்பானரும் கொண்டு வா, என் டூல்பாக்ஸ் எங்கே என்று கேட்காதே. வெயிலுக்கு ஒதுங்கி அவள் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் பலகை, சைலோ, முள், எல்லாம் நன்றாகவே தெரிகிறது. இந்த வண்டியில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரே மீட்டரைத்தான் நான் நாலு போல்ட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தேன். அவளையும் கூட்டி வா மச்சான். பெட்டி எத்தனை இருந்தாலும் கொண்டு வரச் சொல், எடையைப் பற்றி நான் கேட்க மாட்டேன்.