முந்திரிப்பருப்பு போகும், தேயிலை வரும்

அனுமதி இல்லாமல் கடல் தாண்டுகிறவர்கள் விஷயத்தில் இந்தியாவும் இலங்கையும் இனி ஒத்துழைப்பது என்று பெரியவர்கள் டில்லியில் உட்கார்ந்து முடிவு செய்த வருஷம் அது. நீதி, குடியேற்றம், பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் இந்த நாட்டு அதிகாரியின் மனம் கோணாமல் அந்த நாட்டு அதிகாரியும், அவர் மனம் கோணாமல் இவரும் நடந்துகொள்ள வேண்டும் என்பது சாரம். கடல் தாண்டுகிறவனுடைய மனத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவ்வளவு சின்ன விஷயத்துக்கு டில்லியில் நேரம் ஏது?

இதையொட்டிப் புதுக்கோட்டையில் 'இரு நாட்டு ஒத்துழைப்புத் தனி அலுவலகம்' ஒன்று திறந்தார்கள். புதுக்கோட்டையில் கடல் இல்லையே என்று கேட்கக் கூடாது. கடல் இல்லாவிட்டாலும் கட்டடம் இருந்தது. சமஸ்தானம் யூனியனோடு சேர்ந்த பிறகு குதிரைகள் போய், ஒரு லாயம் சும்மா கிடந்தது. அதற்கு வெள்ளையடித்து, ஆத்மநாதன் என்பவரைத் தனி அதிகாரியாகவும், அவருக்குக் கீழே இரண்டு குமாஸ்தாக்களையும் ஒரு பியூனையும் போட்டார்கள். ஜீப் பின்னால் வரும் என்றார்கள்.

ஆத்மநாதன் நேர்மையானவர். பத்து மணிக்கு வருவார், ஐந்து மணிக்குப் போவார். நடுவில், கடல் தாண்டி வருகிறவர்களுக்காகக் காத்திருப்பார். ஒருவரும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. 'தங்கள் எல்லைக்குள் அந்நியர் எவரும் பிடிபடாததற்குக் காரணம் என்ன? அந்நியரே இல்லையெனில் அலுவலகம் எதற்கு?' இரண்டாவது கேள்வி அவரை ரொம்பவும் பாதித்தது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் யாராக இருந்தாலும் லாயத்து ஆபீசில் ஆஜராகி, வந்த சேதியைச் சொல்ல வேண்டியது என்று ஊர் ஊராகத் தண்டோரா போடச் சொன்னார்.

பொன்னமராவதிப் பக்கம் இலங்கையிலிருந்து வந்தவர்கள், தண்டோராச் சத்தம் கேட்டதும் சோளக்கொல்லைக்குள் இறங்கிவிட்டார்கள். அரிமளத்தில் வந்தவர்கள், தாங்கள் வரவே இல்லை என்றார்கள். புத்தியுள்ள ஜனங்கள் எங்கும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஆவூருக்குக் கொஞ்சம் தள்ளித் தோமையார்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கிறிஸ்து வேதக்காரர்களிடம் ஒரு பழக்கம். கடல் தாண்டிப் போனவன் திரும்பி வந்தால் நேரே வீட்டுக்குப் போக மாட்டான். மூட்டையோடு கோயில் வாசலில் நின்று, பங்குச் சாமியாரிடம் "வந்துட்டேன் சாமி" என்று முகம் காட்டி, தோமையாருக்கு ஒரு கோழி விட்ட பிறகுதான் வீட்டுப்படி ஏறுவான். பர்மா போனவனும் அப்படித்தான், பினாங்கு போனவனும் அப்படித்தான்.

தண்டோராவைக் கேட்ட அந்தோணிமேரி, சர்க்காரும் இந்த நல்ல பழக்கத்துக்கு வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். ஊருக்கு வந்து நாலு நாள்கூட ஆகாத புருஷன் அடைக்கலசாமியை அழைத்துக்கொண்டு, கக்கத்தில் ஒரு கோழியோடு பஸ் ஏறினாள்.

அடைக்கலசாமி பதினாறு வயதில் கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். உலகச் சண்டை முடிந்த பிறகு வந்து அந்தோணிமேரியைக் கட்டிக்கொண்டு, ஒரு மாதம் இருந்தான். பிறகு கடலைக்கொல்லையை அவளிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அப்புறம் பாஸ்போர்ட்டு, விசா, பதிவு என்று ஒவ்வொன்றாக வந்து வழியை அடைத்துக்கொண்டது. புருஷனும் பெண்சாதியும் எட்டு வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு போலீஸ்காரர், "இங்கே வந்ததற்கு அத்தாட்சி உண்டா?" என்று கேட்டார். இல்லை. வந்ததற்கு அத்தாட்சி இல்லாதவன் போகத்தான் வேண்டும் என்று அவர்களே டிக்கெட் எடுத்துக் கப்பல் ஏற்றினார்கள். போலீஸ் தனக்குச் செய்த ஒரே உபகாரம் இது என்று அடைக்கலசாமி சந்தோஷமாக ஊர் வந்து சேர்ந்தான்.

லாயத்துக்குள் வந்து நின்றவனை ஆத்மநாதன் எழுந்து நின்று வரவேற்றார். ஆறு மாதக் காத்திருப்பு அல்லவா?

"எங்கே பிறந்தாய்?"

"தோமையார்பட்டிங்க. இங்கிட்டுத்தான், ஆவூருக்குக் கிட்டக்க."

"நீ பிறந்தபோது அது எந்த நாடு?"

"நாடா? மகராசா சமஸ்தானமுங்க."

"அந்தச் சமஸ்தானம் இப்போது எங்கே?"

அடைக்கலசாமி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். "இங்கதாங்க இருந்துச்சு."

"இப்போது இல்லை. ஆகவே, இல்லாத ஒரு நாட்டில் பிறந்த நீ, வேறொரு நாட்டிலிருந்து இந்த நாட்டுக்குள் நுழைந்திருக்கிறாய்."

அந்தோணிமேரிக்குப் பொறுக்கவில்லை. "அவுக நொழையலைங்க ஐயா. அங்கிட்டுப் போலீசே அனுப்பி வச்சுச்சுங்க."

"அது அவர்கள் செய்த தவறு. அந்தத் தவறைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு ஒரு சந்தர்ப்பம் தருவதற்குப் பெயர்தான் அம்மா ஒத்துழைப்பு."

"அப்ப வீட்டுக்கு எப்ப அனுப்புவீங்க?"

"எந்த நாட்டு வீட்டுக்கு என்று முதலில் தீர்மானமாகட்டும். அது என்ன, கோழி?"

"வந்ததுக்குங்க."

கோழி சாட்சியப் பொருளாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மத்தியானத்துக்குப் பிறகு அந்தச் சாட்சியத்தைப் பற்றித் தகவல் இல்லை.

ஒரு போலீஸ்காரர் துணையோடு அடைக்கலசாமி ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாருக்கு அனுப்பப்பட்டான். ஆத்மநாதன் பண்பாடு தெரிந்தவர். வெறும் ஆளை அனுப்பினால் நன்றாக இராது என்று, அங்கே அதே பதவியில் இருந்த குணசேகர என்ற அதிகாரிக்கு ஆலங்குடி முந்திரிப்பருப்பு ஒரு பொட்டலம் அடைக்கலசாமி கையிலேயே கொடுத்தனுப்பினார். குணசேகரவும் பண்பாடு தெரிந்தவர். முந்திரிப்பருப்பைப் பெற்றுக்கொண்டு, அடைக்கலசாமி அனுமதியின்றி இலங்கைக்குள் நுழைந்திருப்பதைக் கண்டுபிடித்து, நுவரெலியாத் தேயிலை ஒரு டப்பாவோடு திருப்பி அனுப்பினார். தேயிலை முதல் தரம். ஆத்மநாதனின் சம்சாரம், இன்னும் ஒரு டப்பா இருந்தால் தேவலை என்றாள். அடைக்கலசாமி மறுபடியும் வெளியேற்றப்பட்டான்.

இப்படி மாதம் தவறாமல் முந்திரிப்பருப்பு போயிற்று, தேயிலை வந்தது. அடைக்கலசாமி ஒவ்வொரு தடவை வரும்போதும் புதிய அந்நியன் ஒருவனாகவே கணக்கில் ஏறினான். முன்பே வெளியேற்றப்பட்டவன் எப்படி மறுபடியும் உள்ளே இருக்க முடியும்? ஆகவே இவன் வேறு ஆள். வருஷ முடிவில், பிடிபட்ட அந்நியர் நூற்றுக்கு நூறு பேரும் வெளியேற்றப்பட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. அதே வெற்றியைக் குணசேகரவும் கொழும்புக்குத் தெரிவித்தார். இங்கே ஜீப் வந்தது. அங்கே சம்பளம் உயர்ந்தது. இரண்டு அதிகாரிகளும் ஒருவருக்கொருவர் 'என் அருமைச் சகோதரா' என்று கடிதம் எழுதத் தொடங்கினார்கள்.

இங்கே இருக்கும் இரண்டு மூன்று நாளும் அடைக்கலசாமி லாயத்தில் அடைபட்டுக் கிடப்பான். அந்தோணிமேரி சோற்றுத் தூக்கோடு வந்து, குதிரைக்குப் போட்ட அரைக்கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இந்த வருசம் கடலை நல்லா காச்சிருக்குங்க. கூரைதான் ஒழுகுது" என்பாள். "நான் வந்து வேயிறேன்" என்பான் அவன். எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த புருஷனைக் கோழி கொடுத்துத் தொலைத்தவள் அவள். எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

ஊரார் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். ஊரார் ரொம்பவும் அனுதாபப்பட்டார்கள். அனுதாபப்பட லாயத்துக்கு வரும்போது, சும்மா வராமல் ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்தார்கள். அந்த ஊரில் இலங்கையில் சொந்தம் இல்லாத வீடே கிடையாது. தபாலில் போட்டால் பாதி சுங்கத்தில் போய்விடும். அடைக்கலசாமி கையில் கொடுத்தால், தோட்டம் தோட்டமாகச் சொல்லியனுப்பி, ஒரு சுக்குத் துண்டு குறையாமல் சேர்த்துவிடுவான். சர்க்கார் செலவில் போகிற நாடு கடத்தல் மூட்டையைச் சுங்கத்தில் யாரும் அவிழ்ப்பதில்லை. மளிகைக்கடை இருதயநாதன் மாத்தளையில் இருக்கும் தம்பிக்குக் கருப்பட்டி கொடுத்துவிட்டார். அடுத்த வீட்டு மூக்காயி பதுளையில் இருக்கும் மகளுக்கு வடகம் கொடுத்தாள். அங்கிருந்து சீட்டித் துணியும் டார்ச்சு விளக்கும் வந்தன. மூட்டை மாதத்துக்கு மாதம் பெருத்தது.

பெரிய வெள்ளிக்கிழமை நெருங்கியது. தோமையார்பட்டியில் அன்று பாஸ்கு நடக்கும். ஆண்டவருடைய பாடுகளை ஊராரே வேஷம் கட்டி நடிப்பார்கள். அந்தச் சமயத்தில் இரு நாட்டு ஒத்துழைப்பைப் பரிசீலிக்கக் குணசேகர புதுக்கோட்டைக்கு வந்திருந்தார். ஆண்டவரை விசாரித்த ரோமாபுரி அதிகாரி பிலாத்துவாக வேஷம் கட்டும் இருதயநாதனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"பிலாத்து ஆண்டவரைக் கலிலேயா ராசா ஏரோதுகிட்ட அனுப்புறான், ஏரோது திருப்பி அனுப்புறான். அந்த எடத்தைக் கொஞ்சம் இழுத்து நடிப்போம். ரெண்டு அதிகாரியும் படிச்சவுக. பார்த்தா சுருக்குன்னு தைக்கும்" என்றார்.

அந்தோணிமேரி அவர் காலில் விழாத குறை.

அதிகாரிகளின் சௌகரியத்துக்காகப் பாஸ்கு மத்தியானம் மூன்று மணிக்கே தொடங்கியது. இருவரும் முன்வரிசை நாற்காலியில் கலர் சோடாவோடு உட்கார்ந்தார்கள். அடைக்கலசாமியையும் ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள். காவலுக்கு இருந்த போலீஸ்காரரும் பாஸ்கு பார்க்க ஆசைப்பட்டதுதான் காரணம். ஜீப்பிலிருந்து பார்த்தால் அவன் வீட்டுக் கூரை தெரிந்தது.

இருதயநாதன் உண்மையிலேயே உருகி நடித்தார். "இவன் கலிலேயன்! என் எல்லைக்கு உட்பட்டவன் அல்லன்! ஏரோதிடம் கொண்டுபோங்கள்!" என்று கர்ஜித்தார். ஏரோது திருப்பி அனுப்பினான். வேதத்தில் ஒரு தடவைதான். இவர்கள் நாலு தடவை அனுப்பினார்கள். அன்று முதல் பிலாத்துவும் ஏரோதும் சிநேகிதரானார்கள் என்று சொல்லி, இருவரும் மேடையில் கட்டித் தழுவியபோது ஜனங்கள் தேம்பினார்கள்.

ஆத்மநாதனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சகோதரா, பார்த்தீர்களா? இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்முடைய ஏற்பாடு இருந்திருக்கிறது! இதை முன்னுதாரணமாக அறிக்கையில் சேர்க்க வேண்டும்."

குணசேகர புத்த சமயத்தவர். கதை அவருக்குப் புதிது. "நல்ல ஒத்துழைப்பு தான். பிறகு அந்த ஆளுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"அது வேறு இலாகா" என்றார் ஆத்மநாதன்.

அந்தோணிமேரி ஜனங்களை விலக்கிக்கொண்டு இரண்டு நாற்காலிகளுக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, அந்தா தெரியுதே, அதான் எங்க வீடு. இந்தா நிக்கிதே ஊரு, இதான் அவுக ஊரு. அவுக யாருன்னு இவங்களைக் கேளுங்க. கேட்டுட்டு எறக்கி விடுங்க. நான் ஒங்களை வேற ஒண்ணும் கேக்கலை."

கேள்வி நியாயமாக இருந்ததால் ஆத்மநாதன் திகைத்துப் போனார். குணசேகரதான் வழி சொன்னார்.

"ஊரில் ஐந்து வீட்டுக்காரர் சாட்சி சொன்னால் போதும் தானே? இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்."

அந்தோணிமேரியின் முகம் மலர்ந்தது. அஞ்சு வீடு என்ன, அம்பது வீடு இருக்கிறதே!

"சொல்லுங்கள் பிலாத்து ஐயா, இவன் உங்கள் ஊர்க்காரனா?" என்று ஆத்மநாதன் மேடையைப் பார்த்துக் கேட்டார்.

இருதயநாதன் கிரீடத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நம்ம அடைக்கலந்தாங்க. ஆனா, பொறந்ததை நான் கண்ணால பார்க்கலைங்களே. நாளைக்கு ஒரு கேள்வின்னு வந்தா? இந்தத் தடவை ஒருக்கா போயிட்டு வரட்டும். தம்பிக்குக் கருப்பட்டி வேற கட்டி வச்சிருக்கேன்."

மூக்காயி அழுதுகொண்டே பேசினாள். "அந்தோணி, ஒன் வயித்துல நான் அடிப்பேனா? எம் மகளுக்கு வைகாசியிலே பேறுகாலம். மருந்து போயாகணும்டீ. வைகாசி கழிஞ்சதும் முத ஆளா வந்து நான் சாட்சி சொல்றேன்."

ஏரோது குனிந்து வேஷத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார், ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று நினைவு வந்து கோயிலுக்குள் போனார். மற்றவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றுகொண்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் இன்னும் ஒரு பொட்டலம் பாக்கி இருந்தது.

ஜீப்பிலிருந்து அடைக்கலசாமி குரல் கொடுத்தான். "விடு புள்ள. மூக்காயி அக்கா மக பாவம்."

அந்தோணிமேரி கூட்டத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள். பிறகு ஆத்மநாதனிடம் திரும்பினாள்.

"ஐயா, இங்க நிக்கிற ஒருத்தரையும் எனக்குத் தெரியாதுங்க. நானும் இந்த ஊருக்காரி இல்லை. எழுதிக்கிட்டு என்னையும் அனுப்புங்க."

"எங்கே பிறந்தாய்?"

"இப்ப இல்லாத எடத்துலங்க."

ஆத்மநாதன் அவசரமாகப் பேனாவைத் திறந்தார். ஒரே நாளில் அந்நியர் எண்ணிக்கை இரண்டு மடங்கு! குணசேகர அவர் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார். போலீஸ்காரர் பின்கதவைத் திறந்தார். அந்தோணிமேரி ஏறிப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து கடல் தாண்டப் போவது அதுதான் முதல் தடவை. அவன் அவளுக்காக நகர்ந்து இடம் விட்டான்.

ஜீப் கிளம்பியபோது இருதயநாதன் பிலாத்து அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினார். ஊரே அவர் பின்னால் ஓடியது. மனசாட்சி கடைசி நிமிஷத்தில் பேசிவிட்டது என்று சாமியார்கூடச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜீப் நின்றது. இருதயநாதன் மூச்சு வாங்கியபடி ஆத்மநாதனிடம் கேட்டார்:

"ஐயா, நாடு கடத்தப்படுறவுக ஆளுக்கு ஒரு மூட்டை கொண்டுபோகலாமுங்களா?"

"தாராளமாக. ஆணானாலும் பெண்ணானாலும் ஆளுக்கு ஒரு மூட்டை."

இருதயநாதன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, பிலாத்துவின் அதே கம்பீரக் குரலில் கூவினார்:

"இன்னொரு மூட்டைக்கு எடம் இருக்காம்! ஓடியாங்க!"