பேகத்துக்கு மூன்று வேளை புல் கூழ்

நீடாமங்கலம்,
மாசி 12, செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி நெடுஞ்செழியனுக்கு அண்ணன் பஞ்சநதம் எழுதுவது.

இங்கே உன் அண்ணி கமலாம்பாள் சுகம், உன் மகள் ஷோபனா சுகம், குதிரை பரம சுகம். என்னைப் பற்றி விவரமாகக் கீழே எழுதியிருக்கிறேன். மஸ்கட்டில் நீயும் உன் மனைவியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வெண்ணாற்றங்கரைப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "மீட்டிங்ல இருக்கேண்ணே" என்கிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறாய். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. உட்கார்ந்து படி.

ஐப்பசியில் நீ என்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னாய். ஓசூர் தீவனக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரில் வந்து நிற்கும் பெண்ணுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லித் திரும்ப அனுப்பிவை என்றாய். முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில் எத்தனையோ வண்டிகளைக் கொடி காட்டி அனுப்பியவன், ஒரு பெண்ணை அனுப்ப முடியாதா என்று நானும் தலையாட்டிவிட்டேன். இப்போது களைப்பாக இருக்கிறது தம்பி. உடம்புக் களைப்பு பாதி, மனசுக் களைப்பு பாதி, மிச்சம் குதிரை.

உன் மகள் செய்வது குதிரைக்குக் கூழ். காய்ந்த புல்லைப் பொடியாக நறுக்கி, ஆளிவிதையும் வெந்தயமும் கொஞ்சம் சேர்த்துப் பாக்கெட்டில் அடைக்கிறாள். வாங்குகிறவர்கள் அதை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தால் குதிரை ஆசையாகத் தின்னுமாம். பெங்களூரிலும் ஊட்டியிலும் குதிரை வளர்ப்பவர்கள் சிலர் கூரியரில் வாங்குகிறார்கள். பாக்கெட்டுக்கு 'மேய்ச்சல்' என்று பெயர். இதற்கு அருகம்புல் மூட்டை மூட்டையாக வேண்டும் என்றாள். நம் குடும்பம் மூன்று தலைமுறையாக அருகம்புல்லை ஒழிக்க ஆள் வைத்த குடும்பம். நான் போய்க் களையெடுக்கும் பெண்களிடம், பிடுங்கிய புல்லை எறியாமல் கட்டிக்கொண்டு வாருங்கள், தனிக் கூலி தருகிறேன் என்றேன். அவர்களுக்குத் தலைவி மாதிரி மங்களாம்பிகை என்று ஒருத்தி. இடுப்பில் கையை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்கய்யா, வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கோம் என்று சொல்வதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கொண்டுவந்த புல் காய வேண்டாமா? மார்கழி முழுக்க மழை. கூடத்தில் பரப்பினோம், மின்விசிறியைப் போட்டோம், கட்டிலுக்கு அடியிலும் பரப்பினோம். உன் அண்ணி தும்முகிற தும்மலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. தை பிறந்து வெயில் வந்ததும் ரோட்டில் கொண்டுபோய்க் கொட்டினேன். ரோடு முழுக்க நெல். "நெல்லுக்கே இடமில்லாத ரோட்டுல புல்லக் காயப் போடுறீங்களே, மாடு வந்தா யாருங்க பொறுப்பு?" என்று அத்தனை பேரும் சண்டைக்கு வந்தார்கள். மாடு வந்தது. நாலு வந்தன. புல்லைத் தின்று முடித்து, வாய் ருசிக்கு நெல்லையும் தின்றுவிட்டுப் போயின. நெல்லுக்காரர்கள் என் பெயரோடு சேர்த்து உன் பெயரையும் சொல்லித்தான் திட்டினார்கள்.

இது இப்படி இருக்க, காலையில் என்னோடு ஆற்றங்கரையில் நடக்கிற ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் துரைராசு ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். சர்க்கரை இல்லை, வெல்லப்பாகு இல்லை, மைதா இல்லை, நார்ச்சத்து மிகுதி என்று போட்டிருந்தது. "இவ்ளோ நாளா எங்க கண்ணுல காட்டாம வச்சிருந்தியேப்பா" என்று இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். சார், இது குதிரைக்கு என்றேன். "குதிரைக்கு சுகர் வந்து கேள்விப்பட்டிருக்கியா? இல்லல்ல? அப்புறம் என்ன?" என்றார். இப்போது நடைக்கு வருகிற ஒன்பது பேரில் ஆறு பேர் காலையில் அதைத்தான் மோரில் கரைத்துக் குடிக்கிறார்கள். மெடிக்கல் ஷாப் ஃபாஜில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த டாக்டர்கிட்ட அனுப்புறதுண்ணே, மனுஷ டாக்டரா, மாட்டு டாக்டரா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அடுத்துதான் குதிரை வந்தது. பல் தேய்ந்த கிழக்குதிரைகளுக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்று பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டுவிட்டார். உடனே ஷோபனா என்னைக் கிளப்பிக்கொண்டு கீழ்வேளூர் போனாள். அங்கே அப்துல் ஜலீல் என்று ஒரு பாய், கல்யாணத்துக்குச் சாரட் வண்டி விடுகிறவர். அவரிடம் பேகம் என்று ஒரு பெண்குதிரை, இருபத்துநாலு வயது. புல்லை மென்று மென்று உருண்டையாகக் கீழே துப்பிவிடுகிறது, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. விலா எலும்பை எண்ணலாம். "ஊசி போட்டு அனுப்பிடுங்க பாய்ங்கிறாங்க. என் மூணு பொண்ணு கல்யாணத்துக்கும் மாப்பிள்ளைய இவதான் இழுத்துட்டு வந்தா. நான் எப்படிங்க அனுப்புவேன்?" என்றார். "ஒரு மாசம் எங்ககிட்ட விடுங்க மாமா" என்றாள் உன் மகள். எங்ககிட்ட என்று அவள் சொன்னதில் நானும் இருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் புரிந்தது.

குட்டி யானை லோடு வண்டியில் குதிரை வந்து இறங்கியதைப் பார்க்கத் தெருவே கூடியது. முதல் நாள் கூழை முகர்ந்துவிட்டு மேல் உதட்டைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தது. இரண்டாம் நாள் என் துண்டைத் தின்றது. மூன்றாம் நாள் வெந்தயத்தைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, முக்கால் மணி நேரம் ஊறவைத்து, வாளியை நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது நக்கிப் பார்த்தது. அதிலிருந்து வாளியை நான் பிடித்தால்தான் சாப்பாடு. ஷோபனா பிடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்று வேளை, வேளைக்கு முக்கால் மணி நேரம், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு! பாயின் மனைவி ரஹ்மத் பீவி தினமும் போனில், "பேகம் சாப்டுச்சாண்ணே?" என்பார்கள். நான் சாப்பிட்டேனா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. வருஷா வருஷம் திருவையாறு ஆராதனைக்குப் போய் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன். இந்த வருஷம் வாளியும் கையுமாக ரேடியோவில் கேட்டேன். முப்பத்தொரு வருஷம் இது ஸ்டேஷன் மாஸ்டர் வீடு. இப்போது கூரியர்காரன் 'குதிரைக்காரர் வீடு' என்று கேட்டுக்கொண்டு வருகிறான்.

போன வாரம் ஓசூர் கம்பெனியிலிருந்து, பங்குனிக்குள் வந்தால் பழைய வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். நேற்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

"நீங்களா சொல்றீங்களா பெரியப்பா, அப்பா சொல்லச் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"என்னால முடியலம்மா" என்றேன். அது பொய் இல்லை.

அவள் அழவில்லை. எழுந்துபோய், ஒட்டாமல் மீதமிருந்த 'மேய்ச்சல்' லேபிள்களை அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, பீரோ மேல் வைத்தாள். "சரி பெரியப்பா" என்றாள். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நாளை பாய் வந்து குதிரையைக் கூட்டிப்போகிறார். நீ சொன்ன வேலையை முடித்துவிட்டேன். இனி என்னிடம் வேறு எந்த வேலையும் சொல்லாதே.

உனக்கும் உன் மனைவிக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் கிடைக்கட்டும். அண்ணி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், தும்மலுக்கு நடுவில்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
பஞ்சநதம்.

பின்குறிப்பு (புதன்கிழமை): மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். நாலு பக்கம், மனசு வரவில்லை. அப்படியே விடுகிறேன், ஆனால் நம்பாதே.

காலையில் பாயும் ரஹ்மத் பீவியும் வந்தார்கள். பாய் குதிரையின் விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். மறுபடி தடவினார். "எலும்பு எங்கண்ணே?" என்றார். பிறகு அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். ரஹ்மத் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இது யாரு கைண்ணே?" என்று கேட்டார்கள். "பெரியப்பா கைதான்" என்றாள் ஷோபனா. ரயில்வேயில் ரிட்டயர்மென்ட் அன்று எனக்குச் சால்வை போட்டார்கள். அது இந்த ஒரு வார்த்தைக்கு உறை போடக் காணாது.

நானே ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்தேன். "முடியலன்னீங்களே பெரியப்பா?" என்றாள். "முடியலதான். அதுக்காக நிறுத்தணும்னு யாரு சொன்னா?" என்றேன். நாகூரில் பாய்க்குத் தெரிந்தவரிடம் பல் போன குதிரை இரண்டு இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வருகின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் ஓரம் உன் பங்கு இரண்டு மா நிலத்தில் சம்பா அருமையாக வந்திருக்கிறது என்று பொங்கலன்று உன்னிடம் சொன்னேன். அங்கே சம்பா இல்லை, தீவனப்புல் இருக்கிறது. ஷோபனாவைத் திட்டாதே. நட்டது நான்தான். அவளை அனுப்பிவை என்று நீ சொன்ன பத்தாம் நாள்.