திமிரி அக்காவுக்கு: ரோஷினி ஆடுவது சூதாட்டம் அல்ல

அன்பும் அதட்டலும் குறையாத அக்கா சம்பூர்ணத்துக்கு, குடியாத்தத்திலிருந்து தம்பி பரந்தாமன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி பங்கஜமும் தறிகளும் சுகம். உன் முழங்கால் வலியும் மாமாவின் சர்க்கரையும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடுவதில்லை என்பதால் எழுத்தில் தெரிவிக்கிறேன்.

என் மகள் ரோஷினி வேலூரில் ஒரு மாடி அறையில் ஆம்பளைகளோடு உட்கார்ந்து பகடை உருட்டுவதைக் கண்ணால் பார்த்ததாக அவளுக்குப் பார்த்திருக்கும் ஆற்காட்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் சொன்னதும், "போய் அவளைக் கையோட இழுத்துட்டு வா, இல்லன்னா நான் உனக்கு அக்காவே இல்ல" என்று நீ உத்தரவு போட்டாய் அல்லவா? ஆம்பூர் ஷூ கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிற பெண், இத்தாலிக்குப் பயிற்சிக்கு அனுப்பும் தேர்வில் இரண்டு முறை தவறியபோது "கடல் தாண்டுற யோகம் உன் ஜாதகத்துல இல்லடி" என்று நீ சொல்ல, நானும் பக்கத்தில் நின்று தலையாட்ட, அதிலிருந்து வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டு ஹாஸ்டலிலேயே இருந்தாள். அந்த வருத்தத்தில் சூதாட்டத்தில் விழுந்துவிட்டாளோ என்று பயந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி சட்டையோடு பஸ் ஏறினேன்.

வேலூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி, அந்தக் கட்டிடத்தைக் கண்டுபிடித்து, போலீஸ்காரன் மாதிரி முதல் மாடிக் கதவைப் படாரென்று தள்ளினேன். அது அழகுநிலையம். முகமெல்லாம் வெள்ளைச் சாந்து பூசிய பெண்கள் அலற, நானும் அலறி, இரண்டாவது மாடிக்கு ஓடினேன். அங்கே சீட்டுக்கட்டும் இல்லை, பீடி நாற்றமும் இல்லை. பெரிய மேசைமேல் பச்சைத் துணி, தெர்மோகோல் மலை, அட்டைக் கோட்டை, சுண்டுவிரல் உயரத்துக்குக் கூட்டம் கூட்டமாய்ப் பொம்மைகள். ஒரு பக்கம் கவசம் போட்ட வீரர்கள், எதிர்ப்பக்கம் பச்சைப் பூதங்கள். நடுவில் நம் ரோஷினி, கையில் பகடை. "எழுந்திருடி!" என்று நான் கையை நீட்டிய வேகத்தில் சட்டைக் கை மலையில் மாட்டி, மலை கோட்டைமேல் சாய்ந்து, கோட்டை பூதங்கள்மேல் விழுந்து, ஒரு பூதத்தின் தலை தனியாகப் பறந்தது.

எதிரே இருந்தவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆபித் பாஷா என்று பெயர், தோல் பதனிடும் கம்பெனியில் கெமிஸ்ட். "ஒக்காருங்க ஐயா. தல போனா இன்னா, ஒட்டிக்கலாம்" என்றார். உடைத்தவன் நான், ஒட்டுவதும் நானே என்று பசையை வாங்கினேன். பூதத்தின் தலை பூதத்தின் கழுத்தில் ஒட்டியது. பூதம் என் கட்டை விரலில் ஒட்டியது. இழுத்துப் பார்த்தேன், தோல்தான் வந்தது. ரோஷினி என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்கூட ஆடறவன் இன்னைக்கு வரல. பூதம் உன் கையிலதான இருக்குது, நீயே ஆடுப்பா" என்றாள். விரலை அவர்களிடம் விட்டுவிட்டு நான் எங்கே போவது, உட்கார்ந்தேன்.

ஆட்டம் இதுதான் அக்கா. ஒவ்வொரு பொம்மைக்கும் சண்டைத் திறமைக்கு ஓர் எண் உண்டு. சமமான இரண்டு பேர் மோதினால், பகடையில் நாலோ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும். எதிரியைவிடக் கைதேர்ந்தவனுக்கு மூன்று விழுந்தாலே போதும். கற்றுக்குட்டிக்கு ஐந்து வேண்டும். அடி பட்டால் மட்டும் ஆள் சாக மாட்டான்; உடம்பில் இறங்கியதா என்று மறுபடி உருட்ட வேண்டும்; அதற்கும் பிறகு, கவசம் காப்பாற்றியதா என்று எதிராளி உருட்டுவார். என் பூதம் சுத்தக் கற்றுக்குட்டி. அவன் முன்னால் ஆபித் பாஷாவின் தளபதி, வாளோடு. நான் முதல் பகடையை உருட்டிய உருட்டில் அது பீரோவுக்கு அடியில் போனது. குனிந்து தேடி எடுத்து மறுபடி உருட்டினேன். ஒன்று.

"நம்ம தலையெழுத்து அவ்ளோதான்" என்றேன்.

"தலையெழுத்து இல்லப்பா, ஒண்ணு விழுந்துச்சி. அவ்ளோதான்" என்றாள் ரோஷினி. "அடுத்த ரவுண்டுல மறுபடியும் உருட்டலாம்."

அவள் பொம்மையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்குக்கூடப் புரிந்தது. மெதுவாக, "இத்தாலிக்கு மறுபடி எழுதுவியாம்மா?" என்று கேட்டேன்.

"எழுதப் போறேன். ஜெயிச்சுடுவேன்னு சொல்லல. ஆனா போன வாட்டி எனக்கு அஞ்சு விழவேண்டியிருந்துச்சி. இவ்ளோ நாள் உக்காந்து படிச்சிருக்கேன். இப்ப மூணு விழுந்தா போதும்பா."

அந்த நேரம் பார்த்து ஆற்காட்டுத் தாய்மாமன் போன். பூதம் ஒட்டிய விரலால் எடுக்கப்போய் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. "இன்னா சார், பொண்ண புடிச்சீங்களா?" என்று அறை முழுக்க அவர் குரல். ரோஷினியின் முகம் சிறுத்ததைப் பார்த்தேன் அக்கா, பொறுக்கவில்லை. "புடிக்கிறதுக்கு அவ இன்னா தப்பிச்ச கோழியா? என் பொண்ணு சூதாடல. நானும் இங்கதான் ஆடிட்டு இருக்கேன். சந்தேகம்னா நேர்ல வந்து பாருங்க. இப்ப வெச்சிடுங்க, தளபதி அடிக்க வர்றாரு!" என்று சொல்லிவிட்டேன். தளபதிக்கு மூன்று போதும், விழுந்தது இரண்டு. என் முறை. ஐந்து விழுந்தது. உடம்பில் இறங்கியதா என்று உருட்டினேன், ஆறு. ஆபித் பாஷா கவசத்துக்கு உருட்ட, ஒன்று. தளபதி காலி! நான் எகிறிக் குதித்ததில் மலை மறுபடி சாய்ந்தது. அடுத்த சுற்றிலேயே என் பூதமும் செத்து, நாங்கள் தோற்றோம் என்பது வேறு. ரோஷினி கீழே அழகுநிலையத்தில் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் வாங்கிவந்து, என் விரலைத் தன் மடியில் வைத்துப் பூதத்தைப் பிரித்தாள். "அந்த வேட்டித் தாத்தா உங்க அப்பாவான்னு கேட்டு சிரிக்கிறாங்கப்பா" என்று அவளும் சிரித்தாள். அன்று மாலை என்னோடு வீட்டுக்கு வந்து, தோசை தோசையாகச் சாப்பிட்டாள்.

தாய்மாமன் புதன்கிழமை பெண் பார்க்க வர மாட்டாராம். ஆனால் மாப்பிள்ளைப் பையன் கோபிநாத்தே எனக்குப் போன் செய்து, தான் மட்டும் வரலாமா என்று பணிவாகக் கேட்டான். ரோஷினியிடம் கேட்டேன். "வரட்டும். இத்தாலி விஷயத்த முதல்ல சொல்லிட்டு, அப்புறம் பேசிப் பாப்போம்" என்றாள். ஆகவே நீ நிம்மதியாக இரு. யார் கேட்டாலும், இதில் பந்தயம் என்ற பேச்சே கிடையாது என்று அடித்துச் சொல். நானும் இனி பகடையைத் தொடுவதாக இல்லை. உனக்கு இதில் ஒரு சிரமமும் வராது.

மாமாவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு என் ஆசியும், உனக்கு உன் கோபம் தணிந்த பிறகு என் அன்பும்.

இப்படிக்கு,
பரந்தாமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், நான் வேலூரில் மறந்துவைத்த குடையைக் கொடுக்க ஆபித் பாஷா வந்தார். பையில் பொம்மைகளும் இருந்தன. ஒரே ஓர் ஆட்டம்தான். பந்தயம் வைத்தது நான்தான். தோற்றால் மொத்தக் கூட்டத்துக்கும் உன் கையால் கோழிக்குழம்பு என்று. எனக்கு மூன்று விழுந்திருந்தால் போதும் அக்கா, இரண்டு விழுந்துவிட்டது. வரும் ஞாயிறு எல்லோரும் திமிரிக்கு வருகிறோம். கூடத்தில் இருக்கும் பெரிய கட்டிலைக் காலி செய்து வை. உட்காருவதற்கு அல்ல, மலை வைக்க.